காற்றும் டோக்கனும்

ராமேசுவரம் மீன்பிடித் துறையின் குளிர்காலம் குறித்துச் சில குறிப்புகள்

1

தொல்காப்பியத்தின் திணைப் பகுப்பில் நெய்தலுக்குப் பெரும்பொழுது கிடையாது. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் என்று பங்கு வைத்துவிட்டு, மருதத்திற்கும் நெய்தலுக்கும் சிறுபொழுதோடு நிறுத்திக்கொள்கிறது பொருளதிகாரம். நெய்தலுக்குக் கிடைத்தது எற்பாடு ஒன்றுதான். அதுவும் காலையா மாலையா என்பதில் உரைகாரர்களுக்குள் வழக்கு. பின்னால் வந்தவர்கள் பெரிய மனது பண்ணி ஆறு பருவத்தையும் இந்த இரண்டு திணைகளுக்கும் எழுதிவைத்தார்கள். எல்லாப் பருவமும் உண்டு என்பதற்கும் எந்தப் பருவமும் இல்லை என்பதற்கும் இலக்கணத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஆக ஐப்பசி தொடங்கித் தை முடிய நான்கு மாதக் குளிரும் மலைக்குச் சொந்தம். நான் அந்த மலையடிவாரத்துக்காரன். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குக் கூதிர், முன்பனி என்றெல்லாம் நூற்பா சொல்லித்தர வேண்டியதில்லை. மேகமலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்று போதும். ஆனால் கடலில் குளிர் இல்லையா? சங்கப் பாடல்களில் வாடை வீசாமலில்லை. பெரும்பாலும் அது பிரிந்திருக்கும் பெண்ணின் மேனியில் வீசும் வாடை. வலையிழுக்கிறவன் கையில் அது என்ன செய்தது என்பதற்குத் திணைக் கோட்பாட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை. உரிப்பொருளாக இரங்கலைக் கொடுத்த கையோடு உழைப்பைக் கருப்பொருள் பட்டியலில் ஒரு வரியாக்கி ஒதுக்கிவிட்டார்கள்.

என் கேள்வி இலக்கணத்தைப் பற்றியதல்ல. இலக்கணம் காலியாக விட்ட அந்த இடத்தை, நெய்தலின் பெரும்பொழுதை, பிற்காலத்தில் யார் நிரப்பினார்கள் என்பதுதான். ராமேசுவரம் மீன்பிடித் துறையில் ஒரு குளிர்கால நாள் எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனால், அந்த நாளைக் காற்று மட்டும் தீர்மானிக்கவில்லை என்பது தெரியும். மீன்துறை அலுவலகத்து டோக்கன், ஏற்றுமதி விலை, எல்லைக்கோடு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இயற்கை என்று நாம் எழுதிக்கொண்டிருக்கும் பருவத்திற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அறுபது எழுபது வருட வரலாறுதான்.

2

முதலில் காற்று. ராமேசுவரம் தீவு இரண்டு கடல்களுக்கு நடுவே கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைந்தது. தெற்கே மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத்து வழக்கில் வடகடல் பெண்கடல், தென்கடல் ஆண்கடல். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் பெண்கடல் பொங்கும், ஆண்கடல் அடங்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் திரும்பினால் நிலைமை தலைகீழ். (ஆண் என்றால் சீற்றம், பெண் என்றால் சாந்தம் என்ற இருமை எதிர்வு வருடத்தில் பாதி நாள் பொய்த்துப்போகிறது என்பதைப் பெண்ணிய வாசகர்கள் கவனத்திற்கு வைக்கிறேன்.)

இந்த ஏற்பாட்டில் குளிர்காலம் என்பது வெப்பநிலை பற்றிய சமாச்சாரமே அல்ல. அது ஒரு திசை. வள்ளத்தையும் வத்தையையும் எந்தக் கரையில் கட்டுவது, குடும்பத்தோடு எந்தப் பக்கம் போய் வாடி போடுவது என்பதுதான் பருவம். வாடி என்ற சொல்லே தொழில் இருக்கும் காலத்துக்கு மட்டும் போடும் குடிசைக்கும் மீன் காயப்போடும் இடத்திற்குமான பெயர். பாம்பனில் தெற்குவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பருவம் இடமாக மாறி, இடம் பெயராக உறைந்துபோனதற்கு அது சாட்சி.

இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கடிகாரத்தால் அளக்கும் நேரத்திற்கு முன்னால் வேலையால் அளக்கும் நேரம் இருந்தது என்று காட்டுகிறார். அங்கேயும் அவருக்கு உதாரணம் கடற்கரைதான். அலையேற்றம் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு மணியடித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. பாக் விரிகுடாக் காற்றுக் கணக்கையும் இந்த வகையில் சேர்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. நம்முடைய சிறுபத்திரிகை உலகத்தில் முதலாளியத்துக்கு முந்தியது எல்லாம் சுகம் என்று எழுதும் ஒரு பழக்கம் இருக்கிறது. காற்றுக் காலம் பொற்காலமில்லை. வாடை மாதங்களில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் அடுப்பெரிய வியாபாரியிடம் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கினால் பின்னால் வரும் மீனுக்கு அவன் சொன்னது விலை. காற்றுக்கும் கந்துவட்டிக்கும் நடுவிலே மாட்டியதுதான் அந்த வாழ்க்கை.

அப்புறம் புயல். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. ரயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவது இடிந்த ரயில் நிலையத்தையும் தேவாலயத்தையும்தான். அந்தத் துறையில் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் எங்கே பெயர்ந்தார்கள், எந்தக் கரையில் திரும்ப வலை கட்டினார்கள் என்பது சுற்றுலாவின் பிரதியில் வராது. 2004 டிசம்பர் 26, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி, 2018 நவம்பர் 16 கஜா. தமிழ்க் கடற்கரையின் பெரிய சாவுகளில் பல கார்த்திகை, மார்கழியில் விழுந்திருக்கின்றன. சுனாமிக்கும் பருவத்திற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் கரையின் ஞாபகம் அப்படிப் பிரித்து வைத்துக்கொள்வதில்லை.

3

1947 பிப்ரவரி 3இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபம் முகாமில் இயங்கியது. 1971இல் அதன் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடல் மீன்களை எண்ணும் தலைமைப் பட்டறை நம்முடைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1952இல் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து கேரளத்து நீண்டகரைப் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. சிறிய மீனவரின் வள்ளத்துக்கு எஞ்சின் வைத்து வாழ்க்கையை உயர்த்துவது என்பது காகிதத்தில் இருந்தது. நடந்தது வேறு. உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விலை இருந்தது. இறால் அடிமட்டத்தில் கிடக்கும் உயிர். அதை அள்ளக் கடல் தரையை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வேண்டும். இழுவைமடியை இழுக்க விசைப்படகு வேண்டும். 1960களில் அரசு மானியத்தோடு விசைப்படகு தமிழகக் கரைக்கும் வந்தது.

இதை வெறும் தொழில்நுட்ப மாற்றமாகப் பார்க்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வள்ளத்துக்குக் கரை போதும்; மணலில் இழுத்து ஏற்றிவிடலாம். விசைப்படகுக்குக் கரை ஆகாது. அதற்கு நங்கூரமிட ஆழம், இறக்க ஜெட்டி, டீசல், ஐஸ், லாரி வரும் சாலை எல்லாம் வேண்டும். மீன்பிடித் துறைமுகம் என்று இன்று நாம் சொல்லும் இடம் இந்தத் தேவைகளின் கூட்டுத்தொகை. கடற்கரைக் கிராமம் பழையது. மீன்பிடித் துறைமுகம் விசைப்படகின் வயதுடையது.

மோதல் உடனே வந்தது. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் நாட்டுப்படகுக்காரன் விரித்து வைத்த வலையை இழுவைமடி வாரிக்கொண்டு போகும். வலை போனால் ஒரு வருடச் சம்பாத்தியம் போச்சு. தமிழகக் கடற்கரை முழுக்க 1970களில் அடிதடி, படகெரிப்பு, சாவு. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தபோது லாஞ்சுக்கும் வள்ளத்துக்குமான பகை அதன் பின்னணியில் இருந்தது. அந்த நாவலைக் காதல் கதையாகவே நம் விமர்சகர்கள் வாசித்தார்கள் என்பது தனிக்கட்டுரைக்கான விஷயம்.

1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது. காலை ஐந்து மணிக்கு மேல் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும். தூரத்தையும் நேரத்தையும் வகுத்துப் பகையைத் தீர்க்கப் பார்த்தது அரசு. பாக் விரிகுடாவில் இது போதவில்லை. ராமேசுவரம் விசைப்படகு ஒருநாள் காலையில் கிளம்பி மறுநாள் காலையில்தான் திரும்புகிறது. அங்கே பிரித்தது நாட்களை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன், சனி விசைப்படகு போகும் நாட்கள். போகிற படகு மீன்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஒரு கடலை இரண்டு சாதிப் படகுகளுக்கு நாள் கணக்கில் பங்கு போட்டது உலக மீன்பிடி வரலாற்றிலேயே கவனிக்க வேண்டிய ஏற்பாடு. கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பதால், கடலுக்குப் பதிலாகப் பொழுது சொந்தமாக்கப்பட்டது. திங்கட்கிழமை ஒருவனுடைய சொத்து, செவ்வாய்க்கிழமை இன்னொருவனுடையது. அப்படியாகத் தொல்காப்பியர் நெய்தலுக்குக் கொடுக்காத பெரும்பொழுதை மீன்துறை கொடுத்தது. 2001இலிருந்து ஏப்ரல் 15 தொடங்கி நாற்பத்தைந்து நாள் தடைக்காலம் வந்தது. 2017இல் அது அறுபத்தொரு நாளாகி ஜூன் 14 வரை நீண்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்குக் கிழக்குக் கரையில் அரசு வைத்த பெயர் மீன்பிடி குறைந்த காலம். அதற்கென்று ஒரு நிவாரணத் தொகை. வாடைக்காலம் என்பது இப்போது ஒரு பயனாளி அட்டைக்குள் இருக்கும் பருவம்.

4

இந்தப் பொழுது ஒரு மார்கழி வாரத்தில் எப்படி நடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே துறை வானிலை அறிக்கைக்குக் காது கொடுக்கத் தொடங்கும். காற்று மணிக்கு நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் என்று செய்தி வந்தால் திங்கள் டோக்கன் இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று அந்த எண்ணைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஒக்கிக்குப் பிறகு எச்சரிக்கை கூடியது. உயிர் தப்புவதற்கு அது அவசியம், இதில் விவாதமில்லை. ஆனால் எச்சரிக்கை கூடிய அளவுக்கு வேலையில்லாத நாளும் கூடியது. அந்த நாளுக்குக் கூலி யார் கொடுப்பது என்பதற்கு எந்தக் கூண்டிலும் எண் கிடையாது. மூன்று நாளில் ஒரு நாள் போனால் வாரத்தின் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. போன திங்களைச் செவ்வாயில் எடுத்துக்கொள்ள முடியாது; செவ்வாய் இன்னொருவனுடையது.

டோக்கன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் நொறுக்கி ஏற்றுவது, டீசல், தண்ணீர், அரிசி. டிரைவரோடு நாலைந்து பேர். இரவு முழுக்க மடி இழுப்பும் ஏற்றமும். மடியைத் தூக்கித் தளத்தில் கொட்டினால் இறாலும் கணவாயும் நண்டும் ஒரு பக்கம். காரல் குவியல் ஒரு பக்கம். அதற்கும் கீழே பெயர் சொல்லத் தகுதியில்லாததாகக் கருதப்படும் குஞ்சும் குறுமீனும். அதைச் சங்காயம் என்கிறார்கள். மனிதர் தின்பதற்கு அது ஆகாது. தூளாகிக் கோழித் தீவனத்திற்குப் போகிறது. நாளைக்குப் பெரிய மீனாக வேண்டியதை இன்றைக்கே கோழிக்குப் போடுகிற கணக்கு இது. நம்ம ஊர் முட்டை தோசையிலும் பாக் விரிகுடாவின் தரை கொஞ்சம் இருக்கிறது.

விடியும்போது ஜெட்டி. ஏலம். ஏலத்தில் சத்தம் ஆணுடையது. இனம் பிரிப்பதும் கூடை சுமப்பதும் கருவாட்டுக்குக் கீறி உப்பிடுவதும் பெண்களுடைய வேலை. மழை மாதத்தில் கருவாடு காயாது. வெயில் ஒரு மூலப்பொருள் என்பதை வாடைக்காலத்தில்தான் புரிந்துகொள்ள முடியும்; அது கிடைக்காத வாரத்தில் கருவாட்டுக்காரப் பெண்ணுக்கு முதலும் போகும். விசைப்படகு, நாட்டுப்படகு என்ற இரண்டு தரப்புப் பேச்சுவார்த்தையில் இவர்கள் எந்தத் தரப்பு? எந்த ஒப்பந்தத்திலும் இவர்களுக்கு நாள் ஒதுக்கப்படவில்லை.

படகு கரையில் நின்றாலும் வேலை தீராது. ராமேசுவரத்துப் படகுகள் நிற்பது திறந்த கடலில். சூறைக்காற்றில் நங்கூரக் கயிறு அறுந்து படகும் படகும் மோதி உடைவது வருடா வருடம் செய்தி. இரவில் எழுந்து போய்ப் படகைக் காப்பாற்றுகிறவன் பெரும்பாலும் படகுக்குச் சொந்தக்காரன் அல்ல. அவனுக்குக் கிடைப்பது செலவைக் கழித்த பிறகு மிஞ்சியதில் பங்கு. மிஞ்சாவிட்டால் முன்பணம். முன்பணம் வாங்கியவன் படகு மாற முடியாது. காற்றுக்காலத்து வியாபாரியின் கடன் போய், டோக்கன் காலத்து முதலாளியின் முன்பணம் வந்திருக்கிறது. பெயர்தான் மாறியது.

இத்தனைக்கும் மேலே விலை. கார்த்திகை பிறந்தால் தமிழ்நாட்டில் பாதிப்பேர் கழுத்தில் மாலை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு சபரிமலைப் பாதையில் இருக்கிறது. குமுளி ஏறும் வாகனங்களில் தை முதல் வாரம்வரை சாமி சரணம்தான். சந்தையில் மீன்காரர் ஈயோட்டுவார். கடலில் ஆபத்து கூடும் மாதமும் கரையில் விலை குறையும் மாதமும் ஒன்றாக வருவதற்குக் காற்று பொறுப்பில்லை. அதே மாதங்களில் ராமேசுவரத்தின் அக்னி தீர்த்தத்திலும் கூட்டம். தை அமாவாசையன்று அந்தக் கரை நிரம்பி வழியும். மீன்பிடி ஜெட்டியும் அக்னி தீர்த்தமும் ஒரே கரையில்தான் இருக்கின்றன. ஒன்று புண்ணியக் கடல், இன்னொன்று கவிச்சிக் கடல். தமிழ்ப் பண்பாட்டுக்கு இரண்டு கடலையும் ஒரே பார்வையில் பார்க்கும் பழக்கம் இல்லை.

5

இப்போது வடக்கே பார்க்க வேண்டும். 1974 ஒப்பந்தத்தில் பாக் விரிகுடாவில் கோடு போட்டு 285 ஏக்கர் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டார்கள். 1976இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கோடு நீண்டது. அரசுகளுக்குள் கடிதம் எழுதி முடித்த விஷயம் இது. எந்தக் கரை மீனவனையும் கேட்கவில்லை. இது அநியாயம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது.

வேறுபட வேண்டிய இடம் இதற்குப் பிறகு வருகிறது. 1983க்குப் பிறகு போர் நடந்த காலம் முழுக்க வடஇலங்கைத் தமிழ் மீனவர்களுக்குக் கடல் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தது. அந்த வெற்றுக் கடலில் நம் விசைப்படகுத் தொகுதி வளர்ந்தது. இந்தப் பக்கத்துத் தரையை வாரி முடித்த இழுவைமடிக்கு அந்தப் பக்கத்துத் தரை தேவைப்பட்டது. 2009க்குப் பிறகு யாழ்ப்பாணத்து, மன்னார்த்து, முல்லைத்தீவு மீனவர்கள் போரில் எல்லாம் இழந்து, கடன் வாங்கிச் சின்னப் படகும் வலையுமாகத் திரும்பக் கடலுக்கு வந்தபோது, இரவில் விரித்த வலை காலையில் இல்லை. அறுத்தது நம்முடைய மடி.

அவர்கள் சொல்லிவருவதைக் கேளுங்கள். இந்தியப் படகுகள் வரும் வாரத்தின் மூன்று நாள் இரவுகளில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. அந்த மூன்று நாள் எது? திங்கள், புதன், சனி. நம் நாட்டுப்படகுக்காரனை நம் விசைப்படகிடமிருந்து காப்பாற்ற நாம் போட்ட நாள் கணக்கு, கடல் தாண்டி யாழ்ப்பாணத்துச் சிறு மீனவனின் ஓய்வு நாளாகியிருக்கிறது. ராமேசுவரத்தில் கொடுக்கும் டோக்கன் பருத்தித்துறையில் படகைக் கரையேற்றுகிறது. இங்குள்ள சிறியவனுக்கு மீதி நான்கு நாளாவது சட்டப்படி கிடைத்தது. அங்குள்ளவனிடம் யாரும் கேட்காமலேயே மூன்று நாளை எடுத்துக்கொண்டோம்.

2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடை செய்தது. அதைச் செயல்படுத்தச் சொல்லி 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைவரை தமிழ் மீனவர்கள் கடலிலேயே படகுப் பேரணி போனார்கள். தமிழ்நாட்டு இலக்கிய, இயக்க உலகத்தில் அதற்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று நம் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

இதைச் சொன்னால் இலங்கைக் கடற்படைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்கள். இல்லை. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் படகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 ஜனவரியில், அதே வாடைக்காலத்தில், கடற்படைப் படகு மோதி நான்கு பேர் செத்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழ அகதி. போருக்குத் தப்பி இந்தக் கரைக்கு வந்தவர், இந்தக் கரையின் விசைப்படகில் கூலியாகப் போய், தப்பி வந்த கடலிலேயே செத்தார். எல்லை தாண்டிய குற்றத்துக்கு மரணம் தண்டனை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொன்றவர்களை விசாரிக்கக் கோருவதும் இழுவைமடியை விசாரிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதைப் பேசாமலிருப்பதில்தான் கோளாறு. ‘தமிழக மீனவர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் படகு முதலாளி, டிரைவர், கூலி, நாட்டுப்படகுக்காரர், கருவாட்டுப் பெண், அகதி எல்லோரையும் அடைத்துவிட்டால், அந்தச் சொல்லின் லாபம் யாருக்குப் போகும் என்று கேட்காமலே விட்டுவிடலாம்.

2024 தொடக்கத்தில் இலங்கை நீதிமன்றங்கள் படகோட்டிகளுக்குச் சிறைத் தண்டனை விதித்தபோது, அதை எதிர்த்து ராமேசுவரம் மீனவர்கள் அந்த பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள். சிறைக்குப் போகிறவன் சம்பளத்துக்கும் பங்குக்கும் போனவன். படகைப் பறிகொடுத்த சின்ன முதலாளிக்கும் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதலாளியின் நஷ்டத்தை ரூபாயில் எண்ணலாம்; டிரைவரின் நஷ்டத்தை மாதங்களில் எண்ண வேண்டும்.

தீர்வு என்று அரசு 2017இல் கொண்டுவந்தது ஆழ்கடல் திட்டம். இழுவைமடியை விட்டுவிட்டுச் சூரை பிடிக்க ஆழ்கடல் போகும் படகு. விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு. மீதி 24 லட்சத்தைக் கைக்காசும் கடனுமாகப் புரட்ட வேண்டும். மூன்று வருடத்தில் இரண்டாயிரம் படகு என்ற இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு நாள் போய் மறுநாள் திரும்பும் தொழிலை வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் தொழிலாக மாற்றுவது படகை மாற்றுவதாக மட்டும் கணக்கிடப்பட்டது. மாறுவது பொழுது. வீட்டில் இருக்கும் இரவு, பிள்ளை முகம் பார்க்கும் காலை, பெண்களுக்கு ஜெட்டியில் கிடைக்கும் அன்றாட வேலை எல்லாம் அதோடு மாறும். கூலிக்குப் போகிறவனுக்கு அந்தத் திட்டத்தில் தனி வரியே இல்லை.

6

மலையடிவாரத்துக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, தேனி, மதுரை, சிவகங்கை தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் ஏறக்குறைய முடிந்துபோகிறது. மிஞ்சும் வெள்ளம் அழகன்குளத்தையொட்டி, ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவில் விழும். அழகன்குளத்தில் 1986–87இலிருந்து தமிழகத் தொல்லியல் துறை தோண்டியெடுத்த ரோமானியப் பானையோடுகளும், கப்பல் கீறிய ஓடும் அந்த முகத்துவாரம் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய துறையாக இருந்தது என்று சொல்கின்றன. வைகை கடலுக்குள் புகாததற்கு, சிவனுக்கு நஞ்சு கொடுத்தது கடல் என்பதால் ஆறு அதன் முகத்தில் விழிக்கவில்லை என்று ஒரு பழைய தனிப்பாடல் காரணம் கற்பிக்கிறது. உண்மைக் காரணம் வழி நெடுகக் கண்மாய்கள். 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தது. 1959இல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை எழுந்தது. நாங்கள் பெற்றதும் அதிகம், தடுத்ததும் அதிகம். நன்னீர் வரத்து குறைந்தால் முகத்துவாரத்தில் இறால் குஞ்சு வளரும் இடம் சுருங்கும் என்பது எந்த ஆற்றுக்கும் பொது. இந்தக் கணக்கு எங்கள் பாசன வரலாறுகளில் எழுதப்படுவதில்லை.

எங்கள் குளிர்காலமும் எண்களால் ஆனதுதான். முல்லைப் பெரியாறு 136 அடியா 142 அடியா என்று உச்சநீதிமன்றம்வரை போன எண். 71 அடி வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. பாம்பனில் கூண்டு ஏறும் அதே ஐப்பசி கார்த்திகையில் எங்கள் கரையில் அடி ஏறும். தண்ணீர் திறக்க அரசாணை வர வேண்டும். முறை வைத்து விட வேண்டும். கடைமடைக்காரன் காத்திருக்க வேண்டும். அணைக்குள்ளே பரிசலில் போய்க் கட்லாவும் ரோகுவும் பிடிக்கிறவர்களும் அரசின் உரிமத்தோடும் பங்குக் கணக்கோடும்தான் தொழில் செய்கிறார்கள். முறைத் தண்ணீருக்காகக் காத்திருந்து பழகியவனுக்கு டோக்கனுக்காகக் காத்திருப்பவனைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. மேல்மடையில் நிற்கிறவனுக்குக் கீழ்மடை கண்ணில் படாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். பாக் விரிகுடாவில் ராமேசுவரம் மேல்மடை, யாழ்ப்பாணம் கீழ்மடை.

திணைக் கோட்பாட்டைத் தமிழரின் சூழலியல் என்று கொண்டாடும் கட்டுரைகள் பெருகிவிட்டன. அதில் எனக்குப் பகையில்லை. ஆனால் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சொன்னவர்களின் வாரிசுகள், பொழுது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்காமல் நெய்தலைப் பற்றி எழுத முடியாது. மூன்று நாள், நான்கு நாள் பங்கீட்டில் அக்கரைக்காரனையும் உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கிறது. மீனவர்கள் தங்களுக்குள் அப்படிப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் சென்னையில் இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து இழுவைமடியைக் கைவிடுவது பற்றிப் பேசினார்கள். அது நின்றுபோனதற்கு அரசுகள் மட்டும் காரணமில்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் நின்று அழுத்தம் கொடுக்க இரண்டு கரையிலும் எழுத்தாளர்களோ இயக்கங்களோ இல்லை.

இந்த வாடையிலும் நாளிதழில் ஒரு வரி வரும்: பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. அதைப் படிக்கும்போது எந்தக் கிழமை என்று பார்க்கலாம். அன்று யாருடைய நாள், யாருக்குக் கூலி போனது, யார் வீட்டில் கருவாடு காயவில்லை, அக்கரையில் யார் அன்றைக்கு மட்டும் பயமில்லாமல் வலை விரித்தார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.